பதவிக்கு முன்னால் பதினைந்து வருஷம்

அம்பத்தூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பூந்தமல்லி கோர்ட்டில் சீனியரிடம் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வழக்கறிஞர் அணியில் பொறுப்பு, அப்புறம் வார்டு சீட்டு என்று கட்சிக்காரர்கள் ஆசை காட்டுகிறார்களாம். உன் அப்பா பயப்படுகிறான். எனக்குப் பயமில்லை. வக்கீல் அரசியலுக்குப் போவது நம் நாட்டில் புதிதா என்ன? எதை முதலில் செய்வது என்பதுதான் என் கேள்வி.

ஆர். வெங்கடராமனை உங்கள் வயசுக்காரர்களுக்குப் பழைய ஜனாதிபதியாகத்தான் தெரியும். எங்களுக்கு அவர் காமராஜர் காலத்துத் தொழில் மந்திரி. பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்துக்காரர். 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். தோட்டம், துறைமுகம், ரயில்வே என்று தொழிற்சங்கங்களோடு பழகினார். நாடாளுமன்றத்தில் காலடி வைத்தது 1950இல். அரசியலில் முன்பே இருந்தார். பதவிக்குத்தான் பதினைந்து வருஷம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் அவர் செய்த ஒரு வேலையைக் கவனி. 1947இல் தொழில் தகராறு சட்டம், 1948இல் தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் என்று வரிசையாக வந்தன. எல்லாருக்கும் எல்லாமே புதுசு. 1949இல் அவர் 'லேபர் லா ஜர்னல்' பத்திரிகையைத் தொடங்கினார். சட்டம் புதிதாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டவர்.

1957இல் மறுபடி எம்.பி.யாக ஜெயித்தும், அதை ராஜினாமா செய்துவிட்டு மாநில மந்திரியாக வந்தார். தொழில், தொழிலாளர் நலம் உட்படப் பல துறைகளைப் பத்து வருஷம் பார்த்தார். நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததும் அந்தக் காலத்தில்தான். தொழிலாளியின் வழக்கும் தெரிந்து, தொழிலும் வளர வேண்டும் என்று நினைத்த மந்திரி அமைவது லேசில்லை.

இப்போது 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கியிருக்கிறார்கள். முப்பது வருஷ சீனியரும் நீயும் ஒரே பக்கத்தில்தான் படிப்பைத் தொடங்க வேண்டும். இந்த மாதிரி நேரம் ஒரு ஜூனியருக்கு அடிக்கடி வாய்க்காது.

வேலை போன ஒருவர் பாலித்தீன் கவரில் சார்ஜ் மெமோ, டிஸ்மிஸ் ஆர்டர், கசங்கிய சம்பளச் சீட்டு எல்லாம் திணித்துக்கொண்டு உன்னிடம் வருவார். முதலில் தேதிகளைப் பார். பதில் கொடுக்க எத்தனை நாள் விட்டார்கள்? உள்விசாரணையில் நிர்வாகத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதித்தார்களா? பாதி வழக்கு அங்கேயே இருக்கும். அவருக்கு ஓட்டு எந்த வார்டில் என்று மட்டும் கேட்காதே. அவர் எந்தக் கொடி பிடித்தால் உனக்கென்ன? அவர் சொன்னதை மேடையில் பேசவும் கூடாது. கட்சிக்காரர் என்பதற்காக ஒரு வழக்கை எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

கட்சியில் உறுப்பினராக இரு, கூட்டத்துக்குப் போ, பேசு. பொறுப்பு மட்டும் இப்போது வேண்டாமென்று நேரில் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு வா. தொழிற்பேட்டைக்காரர்கள் உன் பேரைச் சொல்லித் தேடி வர ஆரம்பித்தபின் சீட்டு கேட்டால், உன் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

தொழிற்சங்கச் செயலாளராக நான் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் கையெழுத்துப் போட்ட சமரச ஒப்பந்தங்கள் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. புரியாததைக் கேள், சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா