கிணற்று மோட்டாரும் மின்சார விற்பனையும்

ரிஷிவந்தியம், சங்கராபுரம் பக்கங்களில் ஏரிநீர் எட்டாத நிலங்கள் கிணற்றை நம்பியே விளைகின்றன என்பது யாவரும் அறிந்ததே. முற்காலத்தில் எருதுகள் கவலை இழுத்தன. 1932-ல் பைக்காரா மின்னிலையம் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், தமிழ்நாட்டுக் கிணறுகளில் மின்சார மோட்டார் படிப்படியாக இடம் பெற்றது. 1990-ம் ஆண்டு முதல் விவசாய மின்சாரத்திற்குக் கட்டணமும் இல்லாமற்போயிற்று. இத்தனை மாறுதல்களிலும் கம்பி ஒருவழிப் பாதையாகவே இருந்து வந்தது. சூரிய ஒளித் தகடுகளை மோட்டாருடன் இணைத்து, மிகுந்த மின்சாரத்தை அதே கம்பி வழியாக மின்வாரியத்திற்கு விற்கும் முறை இப்பொழுது ஏற்பட்டிருக்கிறது. 2019-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய குசும் திட்டத்தின் மூன்றாம் பிரிவு இதற்கென்றே வகுக்கப்பட்டது. செலவில் நூற்றுக்கு 30 பங்கு மத்திய சர்க்காரும், 30 பங்கு மாநில சர்க்காரும் ஏற்க, மீதி 40 பங்கு குடியானவருடையது என்பது அதன் ஏற்பாடு. மோட்டாரின் சக்தியைப்போல் இரு மடங்கு வரை தகடு வைத்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு.

தகடுகளில் உண்டாவது நேர்மின்னோட்டம். கம்பியில் ஓடுவதோ விநாடிக்கு 100 முறை திசை மாறும் மாறுமின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றி, கம்பியின் ஓட்டத்தோடு தாளம் தவறாமல் சேர்த்துவிடும் கருவியே இன்வெர்ட்டர். இதைப்பற்றி ஒரு விஷயத்தைக் குடியானவர்கள் முன்னதாகவே மனத்திற் கொள்ள வேண்டும். கம்பியில் மின்சாரம் நின்றால், வெயில் எவ்வளவு கடுமையாக இருப்பினும் இன்வெர்ட்டர் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். இது பழுதன்று. நின்ற கம்பியைத் தொட்டு வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஆகையால் பகலில் அடிக்கடி நிற்கும் கம்பியில் தகடு வைத்தவருக்கு வெயிலெல்லாம் வீண். பலர் ஒரே கம்பியில் விற்கும்பொழுது நடுப்பகலில் அதன் கடைக்கோடியில் வோல்டேஜ் ஏறுவதாலும் இன்வெர்ட்டர் நின்றுவிடுவதுண்டு. காலை முதல் மாலை வரை தம் கம்பியில் மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை ஒரு மாதம் குறித்துப் பார்த்த பின்பே பணம் கட்டுவது உத்தமம்.

கணக்கைப் பார்ப்போர்க்கு ஓர் உதாரணம். 7½ குதிரைச்சக்தி மோட்டார் ஏறக்குறைய 5.6 கிலோவாட். அதற்கு இரு மடங்காகச் சுமார் 11 கிலோவாட் தகடு வைத்தால் மூன்று சென்ட் நிலம் பிடிக்கும். இப்பிரதேசத்தில் ஒரு கிலோவாட்டிற்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் எனக் கொண்டால், வருஷத்திற்குச் சுமார் 16,000 யூனிட் கிடைக்கும். மோட்டார் தினம் ஆறு மணி நேரமாக 120 நாள் ஓடினால் செலவு 5,000 யூனிட்டிற்குள் அடங்கும். மீதி 11,000 யூனிட் விற்பனைக்கு நிற்கும். யூனிட் 3 ரூபாயானால் 33,000 ரூபாய். 7 ரூபாயானால் 77,000 ரூபாய். விலையே இங்குத் தலையான விஷயம்.

குஜராத்தில் இது நடந்து பார்த்த காரியம். கேடா ஜில்லாவில் துண்டி என்னும் கிராமத்தில், டீசல் எஞ்சினால் நீர் இறைத்து வந்த குடியானவர் அறுவர், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியால், 2015, 2016-ம் ஆண்டுகளில் சூரிய சக்திக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மின்சாரக் கம்பெனி யூனிட்டிற்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 வருஷத்திற்கு வாங்க ஒப்புக்கொண்டது. 2018-ல் அம்மாநில சர்க்கார் வகுத்த சூரிய சக்தித் திட்டத்தில் முதல் ஏழு வருஷத்திற்கு 7 ரூபாயும், பின் 18 வருஷத்திற்கு 3 ரூபாய் 50 காசும் என்று விலை வைத்தனர்.

கேடா ஜில்லா வண்டல் பூமி. அங்கே நீருக்கு அவ்வளவு பஞ்சமில்லை. கல்வராயன் மலையடிவாரமோ கருங்கற்பாறை. பாறைப் பிளவுகளில் மழை விட்டுச் சென்ற நீர்தான் கிணற்றின் முதல். ஆகையால் நீரை இறைப்பதா, மின்சாரத்தை விற்பதா என்னும் கேள்விக்கு இங்கே அதிக அர்த்தம் உண்டு. நூறு அடி ஆழத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 5,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவரும். முழுதும் கிணற்று நீரால் விளையும் ஓர் ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 1,000 யூனிட்டும், மணிலாவுக்குச் சுமார் 400 யூனிட்டும் செல்லும். நெல்லை விட்டு மணிலா வைத்தால் 600 யூனிட் மீதம். யூனிட் 3 ரூபாயானால் இம்மீதம் 1,800 ரூபாய்தான். அதற்காக ஒருவரும் பயிரை மாற்றார். 7 ரூபாயானால் 4,200 ரூபாய், அப்பொழுது யோசிப்பர். விலை குறைவாயின், தகடு வைத்தவர் பகல் முழுதும் மோட்டாரை ஓட்டிப் பக்கத்துக் காட்டிற்கு நீரை விற்கவே முற்படுவார். கிணறும் சீக்கிரத்தில் வற்றும். ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும்பொழுது, விவசாயச் சங்கங்கள் இக்கணக்கை எடுத்துக் கூறுவது அவசியம்.

மீட்டர் வைத்தால் இலவச மின்சாரம் போய்விடும் என்ற அச்சம் அநேகரிடம் உண்டு. அச்சம் காரணமற்றதென்று தள்ளுவதற்கில்லை. எனினும், போக்கு வரத்து இரண்டையும் அளக்கும் மீட்டர் இன்றி விற்பனை இயலாது. வெயிலற்ற வேளையில் கம்பியிலிருந்து எடுக்கும் யூனிட் விற்பனையில் கழிக்கப்படுமா, இலவசமாகவே நிற்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்து மூலமாகக் காணாமல் கையெழுத்திடலாகாது.

இதனினும் பெரிய சிக்கல் பெயரைப் பற்றியது. அநேகக் கிணறுகளின் மின் இணைப்பு, காலமான பெரியவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. ஒப்பந்தமும் பணமும் இணைப்பின் பெயரைப் பற்றியே செல்லுமாதலால், முதலில் பெயர் மாற்றம் வேண்டும். மூவர் முறை வைத்து இறைக்கும் பங்குக் கிணறாயின், எவர் நிலத்தில் தகடு நிற்பது, தம் முறையில் இறைக்காமல் விட்டவருக்கு அன்றைய விற்பனைப் பணம் சேருமா என்பவற்றை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் கூட்டுப் பட்டாக்களைப் பார்வையிட்டு, பங்குதாரர் யாவரும் ஒப்பிய பின்னரே சான்று வழங்கினால் பிற்காலத்து வழக்குகள் பல குறையும்.

தகடுகள் தென்திசை நோக்கிச் சுமார் 12 பாகை சாய்வில் நிற்க வேண்டும். ஒரு பனையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனோடு வரிசையாய்ப் பிணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குன்றும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் வெறும் நீரால் கழுவுதல் போதும். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றலாகாது. இடி தாங்கியும் தரைக்கம்பியும் அவசியம். கரும்புக் கொல்லைக்கு அருகில் தகடு வைப்போர் சோகை கொளுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கொளுத்தும் அண்டை நிலத்தாரோடும் முன்னதாகப் பேசி, இடையில் இருபது அடியேனும் வெட்டவெளி விட்டுக்கொள்வது நலம்.