வீட்டோரத்தில் இரண்டு தேன்பெட்டி

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் ஒருவராவது சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறார். ஷிப்டு முடிந்து வருபவருக்கு வயலைப் பார்க்க நேரமில்லை. நிலத்தைக் கவனிப்பது பெண்களும் வயதானவர்களும்தான். ஒப்பந்த வேலை நின்றுவிட்டால் மாதச் சம்பளமும் நின்றுவிடுகிறது. இன்னொரு கறவை மாடு வாங்கலாம் என்றால் தீவனம், தண்ணீர், ஆள் மூன்றும் வேண்டும்.

இத்தகைய குடும்பங்களுக்கு, பெரிய முதலும் முழுநேர உழைப்பும் கேட்காத பொழுதுபோக்குத் தொழிலாகத் தேனீ வளர்ப்பு அமையும். வாரத்தில் ஒரு மணி நேரம் கவனித்தால் போதும். தனியாக நிலம் வேண்டியதில்லை. தேனீ அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு வந்தாலும் யாரும் பிடித்துப் பவுண்டில் அடைக்க மாட்டார்கள்.

ஆனால் பணம் கொட்டும் என்று நம்பிக் கடன் வாங்கி ஒரேயடியாகப் பத்துப் பெட்டி இறக்குவது தவறு. முதலில் இரண்டு பெட்டிதான் சரி. ஒரே பெட்டியாக இருந்தால், ராணி செத்துப்போனால் எல்லாம் போயிற்று. இரண்டு இருந்தால் ஒன்றிலிருந்து முட்டையுள்ள அடையை எடுத்து மற்றதற்குக் கொடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்றலாம்.

எந்தத் தேனீ?

மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் பெட்டியில் வளர்க்க முடியாது. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்றாலும், பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடியவர்களுக்கே அது கட்டுப்படியாகும். சிறு விவசாயிக்கு ஏற்றது, மரப்பொந்திலும் பாழடைந்த புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. இதற்கென்றே 1911-க்கும் 1917-க்கும் இடையில் திருச்சிப் பக்கம் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் சிறிய பெட்டி ஒன்றை அமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. பின்னர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களின் துணையோடு இத்தொழில் குடிசைத் தொழிலாகவே வேரூன்றியது.

நம் வட்டாரத்தில் ரப்பர் இல்லை. வேறு பூக்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் மா பூக்கிறது. மாம்பூவில் தேன் குறைவுதான். வெயில் ஏறும்போது வேம்பும் புங்கனும், அதன் பிறகு புளியும் பூக்கும். தென்னை ஆண்டு முழுவதும் மகரந்தம் தரும். மானாவாரி நிலங்களில் மஞ்சள் விரித்தாற்போல் பூக்கும் பேயெள்ளு இந்த மாவட்டத்துக்கே உரிய வரப்பிரசாதம். பேயெள்ளுச் செடி தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. மற்றொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதைக் கொண்டுவருவது தேனீதான். ஆகவே பேயெள்ளு விதைத்தவர் பெட்டி வைத்தால் தேனோடு மணியும் கூடும். பூசணி, சுரை, பாகல் போன்ற கொடிகளிலும் காய்ப்பிடிப்பு கூடும். இந்த லாபம் தேன் கணக்கில் வராது; ஆனால் வீட்டுக் கணக்கில் வரும்.

செலவைச் சுருக்கும் வழிகள்

பெட்டியை மரநிழலில், காலை வெயில் சற்றே படும்படி, கிழக்கு முகமாக வைப்பது நல்லது. தாங்குவதற்கு இரும்புக்கால் வாங்க வேண்டியதில்லை. இப்பகுதியில் வேலிக்கு நடும் கல்தூணில் துண்டு ஒன்று போதும். தூணைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி ஒரு கிண்ணம் அமைத்துவிட்டால் எறும்பு ஏறாது. தண்ணீர் வற்றாமல் பார்ப்பதை வீட்டுப் பிள்ளைகளிடம் விடலாம். கொசுவலைத் துண்டைத் தொப்பியில் தைத்தால் முகமூடி. தேங்காய் நாரைக் கொளுத்தினால் புகை. கடையில் வாங்கியே ஆகவேண்டியது பெட்டியும் சட்டங்களும்தான்.

தேனீக் கூட்டத்தை விலைக்கு வாங்காமல் பிடிக்கவும் முடியும். பழைய மண்பானையின் உட்புறம் தேன்மெழுகைத் தடவி, பூக்கும் பருவத்தில் மரத்தில் கவிழ்த்துக் கட்டினால், பிரிந்து வரும் கூட்டம் அதில் குடியேறுவதுண்டு. பொந்தில் இருக்கும் கூட்டத்தை மாலையில் இலேசாகப் புகை காட்டி, அடைகளை அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைக்கலாம். ராணி உள்ளே வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். முதல்முறை இதைத் தெரிந்தவர் துணையின்றிச் செய்யக் கூடாது. கொட்டினால் உடம்பு முழுவதும் தடிக்கிற, மூச்சு திணறுகிற ஆள் வீட்டில் இருந்தால் இத்தொழிலே வேண்டாம்.

வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, அடித்தட்டைத் துடைத்து, கறுத்துப்போன பழைய அடைகளை எடுத்துவிட வேண்டும். அவற்றில்தான் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். பூ இல்லாத நாட்களில் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் காய்ச்சி ஆறவைத்த பாகை மாலையில் வைக்க வேண்டும். இந்தச் சர்க்கரைச் செலவுக்குக் கணக்குப் பார்த்தவர்களின் பெட்டிதான் பெரும்பாலும் காலியாகிறது. பசித்த கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிடும்.

நோய்களில் கொடியது புழுக்கள் பைபோல் உப்பி அடைக்குள்ளேயே சாகும் தாய்லாந்து பைப்புழு நோய். 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய இந்த வைரஸ், மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளைக் கூண்டோடு அழித்தது. இதற்கு மருந்து இல்லை. நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை மற்றதில் வைக்கக் கூடாது. தாங்கிப் பிழைத்த கூட்டத்திலிருந்து மட்டுமே பிரித்துப் பெருக்க வேண்டும்.

மருந்தடிப்பு

இதைவிடப் பெரிய ஆபத்து பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது. மா பூக்கும் தருணத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் எங்கும் வழக்கம். பூ விரிந்திருக்கும்போது காலையில் அடித்தால், மேயப் போன தேனீக்கள் திரும்புவதில்லை. பெட்டி வாசலில் ஈ செத்துக் குவிந்து கிடக்கும். ஆண்டு முழுவதும் வளர்த்த கூட்டம் ஒரே காலையில் போய்விடும். நஷ்டம் பெட்டிக்காரருக்கு மட்டுமல்ல. மாம்பூவைக் கருவுறச் செய்யும் மற்ற ஈக்களும் சேர்ந்தே சாகின்றன. அடித்தவர் தோட்டத்திலும் பிஞ்சு குறையும்.

எனவே பெட்டி வாங்குவதற்கு முன்பே சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள மாந்தோப்புக்காரர்களைப் பார்த்துப் பேச வேண்டும். பூ விரிவதற்கு முன் ஒருமுறை, பிஞ்சு பிடித்தபின் ஒருமுறை என்று மருந்தை வைத்துக்கொள்ள அவர்களைக் கேட்கலாம். பூவில் அடித்தே தீரவேண்டும் என்றால் தேனீ அடங்கிய பின் மாலையில் அடிக்க வேண்டும். முதல்நாள் சொல்லிவிட்டால் இரவே வாசலை வலையால் மூடி, மேலே ஈரச்சாக்கு போட்டு, மறுநாள் ஒருநாள் மட்டும் அடைத்து வைக்கலாம். இமிடாகுளோபிரிட் போன்று செடிக்குள் ஊடுருவும் மருந்தானால் ஒருநாள் அடைப்பு பயன்படாது. பெட்டியை இரவோடு இரவாக மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உறவினர் வீட்டுக்குக் கொண்டு போவதே வழி. பேச்சுக்கு இணங்காத தோப்பு பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் தேனீ வளர்ப்பை விட்டுவிடுவது உத்தமம்.

தேன் எடுப்பதும் விற்பதும்

அடையில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துவிடும். உணவுச் சட்டப்படி தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அடையைக் கசக்கிப் பிழியாமல், சுழற்றி எடுக்கும் கருவியில் எடுத்தால் அதே அடையைத் திரும்ப வைக்கலாம். புதிய அடை கட்டத் தேனீ பல கிலோ தேனைத் தின்ன வேண்டியிருக்கும் என்பதால் இது பெரிய மிச்சம். கருவியை ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாக வாங்கினால் போதும். கீழறையில் உள்ள தேனைத் தொடக் கூடாது. அது தேனீயின் சாப்பாடு.

நல்ல மழை பெய்த ஆண்டில் பெட்டிக்கு ஐந்து கிலோ எதிர்பார்க்கலாம். வறண்ட ஆண்டில் ஒன்றும் கிடைக்காமலும் போகும். முதல் ஆண்டைக் கற்றுக்கொள்ளும் ஆண்டாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தேனீயோடு சேர்த்துப் பெட்டிக்குக் கேட்கும் விலையை, ஊரில் ஒரு கிலோ தேன் விற்கும் விலையால் வகுத்துப் பார்க்கலாம். ஐந்து, ஆறு கிலோவுக்குள் அடங்கினால் வாங்கலாம். பத்தைத் தாண்டினால் வேறு இடத்தில் விசாரிப்பது நல்லது.

விற்பனைக்கு இந்த எல்லைப் பகுதியில் குறைவில்லை. தமிழில் தேன், தெலுங்கில் தேனெ, கன்னடத்தில் ஜேனு. மூன்று மொழிக்காரர்களும் வாங்குவார்கள். கண்ணெதிரே அடையிலிருந்து எடுத்த தேனுக்கு, தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்களே முதல் வாடிக்கைக்காரர்கள். ஒருமுறை சர்க்கரைப் பாகு கலந்தது தெரிந்தால் அத்தோடு வியாபாரம் முடிந்தது. பாகு வைத்த நாட்களில் சேர்ந்த தேனை அதனால்தான் விற்கக் கூடாது. பாட்டிலில் அடைத்து விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தோட்டக்கலைத் துறை வழியாகத் தேன்பெட்டிக்கு மானியம் கிடைப்பதுண்டு. அந்த ஆண்டில் உண்டா, எவ்வளவு என்பதை வட்டார அலுவலகத்தில் கேட்டறியலாம். மானியப் பெட்டி கோடையில் வந்தால், பூப்பருவம் வரை தேனீயை ஏற்றாமல் வெறும் பெட்டியாக வைத்திருப்பதே மேல். பயிற்சி பற்றிக் கிருஷ்ணகிரியை அடுத்த எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். பயிற்சிக்குப் போகும்போது வீட்டில் பெட்டியை உண்மையில் கவனிக்கப்போகிறவர் போக வேண்டும். ஷிப்டுக்குப் போகும் மகன் சான்றிதழ் வாங்கிவந்து, தாயார் பெட்டியைத் திறக்கப் பயந்தால் பயனில்லை.