படகிற்கு ஏற்ற பசை

பேராக் மாநிலத்தின் பங்கோர் தீவு மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. நடுக்கடலில் படகில் சிறு கசிவு ஏற்பட்டாலும் மீனவரின் உயிருக்கு ஆபத்து. ஆகவே, படகைப் பழுதுபார்ப்பவர் இடத்திற்கேற்ற பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரங்கானு மாநிலத்தின் டூயோங் தீவில் படகு கட்டுவோர், செங்கால் மரப் பலகைகளுக்கிடையே கெலாம் மரப்பட்டையை வைப்பர். பட்டை நீரில் ஊறி உப்பி, இடைவெளியை அடைத்துவிடும். மரம் நனைந்தால் விரியும். காய்ந்தால் சுருங்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இக்காலப் பசைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பலகை இணைப்புகளுக்கு ரப்பரைப்போல் நெகிழும் பாலிசல்ஃபைடு ஏற்றது. கெட்டியாக இறுகும் எப்போக்சி, மரம் அசையும்போது அங்கே விரிசல் விடக்கூடும். ஆனால், கண்ணாடியிழைப் படகின் உடைந்த பகுதியைச் சீராக்க எப்போக்சியே சிறந்தது. நீருக்கடியில் உள்ள உலோகப் பாகங்களைப் பாலியூரித்தேன் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். பிறகு கழற்றுவதுதான் கடினம். குளியலறையில் பயன்படும் சிலிக்கோன் எளிதில் கிடைக்கும். நெகிழிச் சன்னல் ஓரத்திற்கு அது பொருந்தும். எனினும், அது பட்ட இடத்தில் சாயமோ வேறு பசையோ சரியாக ஒட்டாது.

தோட்டப்புறத்தில் மிதிவண்டி டியூப்பில் ஒட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஓட்டையைச் சுற்றித் தேய்த்துத் துடைப்பார்கள் அல்லவா? படகிலும் அப்படியே. உப்பு, எண்ணெய், பழைய பசை ஆகியவற்றை நீக்கிய பின்னரே புதிய பசையைப் பூச வேண்டும். விலையை மட்டும் பார்த்துப் பசை வாங்கினால், அதன் விளைவைக் கடலில்தான் அனுபவிக்க நேரும்.