மாடித் தோட்டத்துக்கு மட்கு உரக் கரைசல்

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மண்ணில் உள்ள சத்தும் அடித்துளை வழியே கரைந்து போய்விடும். அதை ஈடுகட்ட எளிய வழி, மட்கு உரக் கரைசல்.

● குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் உரத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழியும். 10 லிட்டர் தண்ணீரை அகன்ற வாளியில் பிடித்து, ஒரு நாள் திறந்து வையுங்கள்.

● நன்கு மட்கிய, மண்வாசனை வீசும் மண்புழு உரம் 1 கிலோ எடுத்து, பழைய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, அந்தத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பச்சைச் சாணம் கூடாது.

● நிழலில் 24 மணி நேரம் வையுங்கள். மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் இருந்தால் ஓடவிடலாம். இல்லையேல் அவ்வப்போது குச்சியால் நன்றாகக் கலக்குங்கள்.

● கரைசலில் வெல்லம் சேர்க்க வேண்டாம். நல்ல நுண்ணுயிர்களோடு நோய்க்கிருமிகளும் பெருகிவிடக்கூடும்.

● மூட்டையைப் பிழிந்தெடுத்து, ஒரு பங்கு கரைசலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை போதும்.

● கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் செடிக்கு ஊற்றாதீர்கள்.

● கொத்தமல்லி, புதினா போலப் பச்சையாகச் சாப்பிடும் இலைகள் மீது தெளிக்க வேண்டாம்.

மூட்டையில் மிஞ்சிய சக்கையை வீசாதீர்கள். தொட்டி மண்ணின் மேல் பரப்பினால் அதுவும் உரம்தான்.