காட்டுப் பையில் எது இருக்கலாம், எது போகலாம்?

கேள்வி: ஐயா, ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக வேலை செய்கிறேன். எங்கள் மேல்வரிசைச் செடிகள் காட்டை ஒட்டியே நிற்கின்றன. தண்ணீர்க் குழாய் பார்க்க, விழுந்த மரம் பார்க்க என்று அடிக்கடி காட்டுக்குள் ஏற வேண்டியிருக்கும். லீவு நாளில் நண்பர்களோடு ஜாசார், பெரெம்பான் மலைகளுக்கும் போவேன். கோலாலம்பூரில் ஒரு கடையில் ‘சர்வைவல் கிட்’ என்று தகர டப்பா ஒன்று வாங்கினேன். தூண்டில் முள், கண்ணிக் கம்பி, கம்பி ரம்பம், சின்னக் கண்ணாடி, காம்பஸ், லைட்டர், பிளாஸ்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு வருஷமாகச் சுமக்கிறேன். லைட்டரையும் பிளாஸ்டரையும் தவிர எதையும் தொட்டதில்லை. போதாதென்று பயத்தில் நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் பை கனத்துவிட்டது. பயன்படாததை எல்லாம் எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், ரிங்லெட், பஹாங்

பதில்: தம்பி, எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். முதலில் பையில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர், மழைக்கோட்டு, டார்ச், பிஸ்கட், கத்தி, பிளாஸ்டர் ஆகியவை ஒவ்வொரு முறையும் கைபடும் பொருள்கள். இவற்றில் எது தேவை, எது வேண்டாம் என்பதைப் பயன்பாடே சொல்லிவிடும். விசில், பெரிய கட்டுத்துணி, இரவு தங்க நேர்ந்தால் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஆகியவை இரண்டாம் வகை. அவை பயன்படாமலே வருஷங்கள் போனால் அது உங்கள் நல்ல காலம். அவற்றை ‘பயன்படவில்லை’ என்ற கணக்கில் தள்ளக் கூடாது, பழகிப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். பையைத் திருத்துகிற பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உங்கள் தகர டப்பாவின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரி டப்பாவை உலகம் முழுக்கப் பரப்பியதில் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படையில் இருந்த ஜான் வைஸ்மேன் 1986-இல் வெளியிட்ட கையேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படையின் காட்டுப் பாடங்களில் பல நம் மலாயாக் காட்டில், 1950-களின் அவசரகாலத்தில் படித்தவை. ஆனால் டப்பாவின் கணக்கு, படையிலிருந்து பிரிந்து நாள்கணக்கில் தனியே பிழைக்க வேண்டிய சிப்பாய்க்குப் போட்ட கணக்கு. உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு. வழி தவறியோ கால் பிசகியோ ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு, மழையில் உட்கார வேண்டி வரலாம். ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தால் உயிர் போகாது. ஆகவே தூண்டில் முள்ளும் கண்ணிக் கம்பியும் போகலாம். கையில் பாராங் இருக்கும்போது கம்பி ரம்பம் எதற்கு? கண்ணாடியால் சைகை காட்ட வெயில் வேண்டும். பாசி படர்ந்து மூடுபனி நிற்கும் காட்டில் அது உதவாது. காம்பஸ் இருக்கட்டும், ஆனால் வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மட்டும்.

உங்கள் கேமரன் மலையில் முதல் எதிரி குளிரும் ஈரமும் சேர்ந்த கூட்டணி. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. இரவில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குவது இங்கே சாதாரணம். லயத்து வீட்டுக்குள் அது சுகமான குளிர். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே 15 டிகிரி உடல் சூட்டை உறிஞ்சி, நடுக்கத்தில் ஆரம்பித்து, புத்தி தடுமாறும் நிலை வரைக்கும் கொண்டுபோய்விடும்.

அதனால் பையில் முதல் இடம் மூன்று பொருளுக்கு: நல்ல மழைக்கோட்டு, காற்றுப் புகாத பையில் கட்டிய ஒரு மாற்றுச் சட்டை (பருத்தி வேண்டாம்), தடித்த பெரிய குப்பைப் பை இரண்டு. குப்பைப் பையின் அடி மூலையில் முகம் மட்டும் தெரியும் அளவுக்குக் கிழித்துத் தலைவழியே மாட்டிக்கொள்ள வேண்டும். மூச்சு விட முகம் எப்போதும் வெளியே இருக்கட்டும். இன்னொரு பையில் காய்ந்ததோ பச்சையோ, கிடைக்கிற பெரணியையும் இலையையும் அடைத்து அதன்மேல் உட்கார வேண்டும். தரையின் குளிர் மழையைவிட மோசம். இதைப் படித்தால் போதாது. மழை பெய்யும் ஒரு மாலையில் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கிழித்த இடம் கழுத்தில் தண்ணீரை இறக்குகிறதா, பை முழங்காலை மூடுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த முறை எவ்வளவு பெரிய பை வாங்க வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் ஏழு மணிக்கும் தேயிலைச் சரிவில் வெளிச்சம் இருக்கும். அதை நம்பிக் காட்டுக்குள் நின்றுவிடாதீர்கள். மரக்கூரைக்கு அடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். பூமத்திய ரேகைப் பக்கத்தில் அந்திப் பொழுதும் குறுகியது. கை டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் டார்ச் நல்லது, இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டும். பைக்குள் அழுந்தித் தானாக எரிந்து தீர்ந்துபோவதுதான் டார்ச்சின் பெரிய வியாதி. ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைத்தால் அது நடக்காது. மாதம் ஒருமுறை திறந்து, பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தீ மூட்டுவது நம் காட்டில் கடினம். விறகுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். லைட்டரின் பொத்தான் பையில் அழுந்தினால் வாயு போய்விடும், பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் சுற்றி வையுங்கள். சக்கரம் நனைந்துவிட்டால் உலர்ந்த துணியில் பலமுறை உருட்டினால் மறுபடி பொறி வரும். பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தாலும் துடைத்துப் பற்றவைக்கலாம். கரும்புகையோடு சில நிமிஷம் நின்று எரியும், அதற்குள் சன்னச் சுள்ளிகள் காய்ந்து பிடிக்கும். இதையும் ஈர விறகை வைத்து வாசலில் பழகுங்கள். அங்கே பற்றாத தீ காட்டில் பற்றாது.

தண்ணீர் விஷயத்தில் கேமரன் மலைக்கென்று தனி எச்சரிக்கை உண்டு. குளோரின் மாத்திரையும் கொதிக்க வைப்பதும் கிருமியைக் கொல்லும்; பூச்சிமருந்தை நீக்காது. தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் கீழே ஓடும் ஓடையில் குடிக்காதீர்கள். மாத்திரை வேண்டுமானால் இருக்கட்டும், தோட்டங்களுக்கு மேலே காட்டிலிருந்து நேராக இறங்கும் ஓடைக்கு மட்டும் அது. நம்பிக்கைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர்தான்.

மருந்தில் உங்கள் தொழிலைப் பார்த்து முடிவெடுங்கள். அட்டைக்கு மாற்றுச் சாக்ஸும் உப்பும் போதும். குளவி அப்படியல்ல. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இங்கேயும் கவாத்து வெட்டும்போது கூடு கலையலாம். ஒவ்வாமை மாத்திரை எது, எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டு வாங்கி வையுங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ மாத்திரைக்குக் காத்திருக்காமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாம்பு தீண்டினால் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்குவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தாங்கி, ஆளைச் சுமந்து இறக்குங்கள்.

இனி, பையைத் திருத்தும் முறை. காட்டிலிருந்து திரும்பிய அன்று இரவே எல்லாவற்றையும் ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டுங்கள். மூன்று கேள்வி கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். எதை எடுத்தேன்? எதைத் தேடி, அது பையில் இல்லாமல் போனது? எதற்குப் பதிலாக எதை வைத்துச் சமாளித்தேன்? மூன்றாவது கேள்விதான் அதிகம் சொல்லித்தரும். செருப்பு வார் அறுந்ததை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டினீர்கள் என்றால் டேப்புக்கு நிரந்தர இடம் கொடுங்கள். சில மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கடி புழங்கும் பையில் ஒரு குறையும் உண்டு. வீட்டில் யாருக்கோ தலைவலி என்று மாத்திரை போகும், அடுப்புக்கு லைட்டர் போகும், பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றிருப்பார்கள். எடுத்ததை அன்றைக்கே நிரப்புங்கள். ஈரத்தில் பிளாஸ்டரின் பசை போய்விடும். வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக, பை உங்களோடு வராவிட்டால் இத்தனையும் வீண். 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் தானா ராத்தாவுக்கு அருகே மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே நடந்தார். சிகரெட்டையும் மருந்துப் பெட்டியையும்கூட அங்கேயே விட்டுப் போனார். ராணுவமும் போலீசும் ஓராங் அஸ்லி தடம் தேர்ந்தவர்களும் நாள்கணக்கில் தேடினார்கள். சின்னத் தடயம்கூடக் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புதிர். ஆனால் ‘சும்மா ஒரு நடை’ என்று வெறுங்கையோடு கிளம்பும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. காடு பழகியவர்களிடம்தான் அது அதிகம். எனவே விசில், லைட்டர், சின்ன டார்ச், மடித்த குப்பைப் பை ஒன்று, இந்த நான்கையும் சட்டைப் பையில் வையுங்கள். முதுகுப் பையை மரத்தடியில் வைத்துவிட்டுக் குழாய் பார்க்கப் போனாலும் இவை உடம்போடு வரும்.

எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மலை ஏறுவதற்கு முன் வனத்துறையில் அனுமதி விவரமும் கேட்டுக்கொள்ளுங்கள். வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள். நம் ஓடைகள் அருவியில் போய் விழும். நின்ற இடத்தில் நின்று, சிக்னல் கிடைத்தால் 999-ஐ அழையுங்கள். மூன்று மூன்றாக விசில் ஊதுங்கள்.

தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்து, சொன்னவற்றை எடுத்துவிடுங்கள். அடுத்த மழைக்குக் குப்பைப் பையோடு வாசலில் உட்காருங்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்கும் இதையே செய்து காட்டுங்கள். காட்டோரத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அந்த நான்கு பொருளும் இருக்க வேண்டும்.