செடி வளரும் இடம் அறிதல்

வீட்டுத்தோட்டக் கலையில் புதிதாக இறங்கியிருக்கும் நாவிதன்வெளித் தம்பிக்கும் தங்கைக்கும்,

இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும் உணவுப் பொருள்களின் விலையேற்றமும் தட்டுப்பாடும் தொடர்ந்தமையால், 2022 ஜூனில் அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கே அமைச்சரவை அனுமதி வழங்கியது. நெருக்கடி வேளையில் மண்வெட்டி எடுப்பது எளிது; அது தணிந்த பின்னும் தோட்டம் நிலைக்க வேண்டுமாயின் அதற்குச் செலவாகும் உழைப்புக் குறைய வேண்டும். செடி எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எதைக் கொண்டு வளர்கிறது என்பதை அறிந்தவருக்கே அவ்வுழைப்புக் குறையும்.

செடி தன் உடல் முழுவதும் ஒருசேர வளர்வதில்லை. தண்டின் நுனி, இலைக்கக்கத்திலுள்ள மொட்டு, வேரின் நுனி போன்ற சில இடங்களிலேயே பிரிந்து பெருகவல்ல கலங்கள் உள்ளன. இக்கலத்தொகுதியைத் தாவரவியலார் பிரியிழையம் என்பர். 1928இல் ஒல்லாந்து நாட்டவரான ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு நிறுவிக் காட்டிய, தண்டின் நுனியில் உண்டாகும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கிப் பக்கமொட்டுகளை உறங்கவைக்கிறது. முருங்கையை அதன் போக்கில் விட்டால் கொக்கத்தடிக்கும் எட்டாத உயரத்தில் காய்ப்பதற்கும், இளமையிலேயே இடுப்பளவில் நுனியை வெட்டினால் நாற்புறமும் கிளைத்துக் கைக்கெட்டக் காய்ப்பதற்கும் காரணம் இதுவே. பொன்னாங்காணியின் நுனியைக் கிள்ளிக் கறிக்கு எடுக்குந்தோறும் அது அடர்வதும் அவ்வாறே.

வேரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டத்தில் வீணாகும் உழைப்பின் பெரும்பகுதி வேரை மறந்ததால் வருவது. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் வெண்பஞ்சு படிந்தாற்போல் தெரியும் வேர்மயிர்களே நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் பெரிதும் உறிஞ்சுகின்றன. ஒவ்வொன்றும் ஒரே கலத்தின் நீட்சியாதலால் தொட்டாலே அறுந்துவிடும். நாற்றுமேடையில் ஒரு மாதம் வளர்ந்த மிளகாய்க் கன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி நடுபவர், வேர்மயிர்களை இழக்கச் செய்து இலைகளை மட்டும் முழுமையாக விட்டுவைக்கிறார். இலை வழியே நீர் ஆவியாகிக்கொண்டேயிருக்க, அதை ஈடுசெய்ய வேருக்கு வலுவில்லாமையால் மறுநாள் மதியத்திலேயே கன்று தலைசாய்கிறது. அங்கே குறைந்திருப்பது உறிஞ்சும் வேராதலால், வாடலைக் கண்டு பதறி மேலும் மேலும் நீர் ஊற்றுவதில் பயனில்லை. மேடைக்கு முன்கூட்டியே நீர் விட்டு, வேரோடு மண் ஒட்டிவரக் கெல்லியெடுத்து, வெயில் தாழ்ந்தபின் நட்டு, புதுவேர் பிடிக்கும்வரை சில நாள் தென்னோலைத் துண்டால் மறைத்துவிட்டால் கன்று வாடுவது அரிது.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால் நீரில் நெல் விளைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நீர் நிற்பதே செழிப்பாகத் தோன்றுவது இயல்பாயினும், அந்தக் கண்ணோடு வீட்டுத்தோட்டத்தைப் பார்த்தல் ஆகாது. நெற்பயிரில் தண்டிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் வெற்றிடங்கள் நிறைந்த இழையம் உண்டு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பப்பாசிக்கும் அவ்வாறான வசதி இல்லை. வேரும் சுவாசிப்பதாகையால், நீர் தேங்கி மண்ணிலுள்ள ஒட்சிசன் தீர்ந்ததும் அது அழுகத் தொடங்குகிறது. பப்பாசி சில நாள் தேக்கத்திலேயே பட்டுப்போகும். எனவே மாரியில் மேட்டுப்பாத்தியும், கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் கோடையில் நீரைத் தாங்கிவைக்கும் தாழ்ந்த பாத்தியும் பொருந்தும்.

பசளை இடுமுன் இலையைப் பார்க்க வேண்டும். நைதரசன் குறையும்போது செடி அதனை முதிர்ந்த இலைகளிலிருந்து இளந்தளிருக்கு அனுப்புவதால் முதலில் அடியிலைகள் மஞ்சளாகின்றன. இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராததால் அதன் குறை தளிரிலேயே, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் தெரியும். மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் மண்ணோடு கலந்தவர் அடியிலை மஞ்சளாவதைப் பெரும்பாலும் காண்பார். காபன் மிகுந்த அப்பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. அவற்றை நன்கு மக்கவைத்தோ, மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பியோ பயன்படுத்துவதே முறை.

காலமும் வளர்ச்சியின் ஒரு பகுதியாகும். இலங்கையில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமேயாயினும், நாட்டுச் சிறகவரை அந்தச் சிறு வேறுபாட்டையும் உணர்ந்து, பகல் குறுகும்போதே பூக்கிறது. வைகாசியில் விதைத்தால் அது மாதக்கணக்கில் கொடியாகவே ஓடும். புரட்டாசியில், கடின விதைத்தோல் இளகுமாறு ஓரிரவு நீரில் ஊறவைத்து, வேலியோரம் ஊன்றினால், மாரி மழையில் கொடி படர்ந்து, பகல் குறுகிய நாட்களில் காய்க்கத் தொடங்கும்.