கார்னிஸ் மூலை வாய் பிளக்காமல் இருக்க

செவிலிமேட்டில் தறி ஓடிய பழைய வீட்டுக்கு ஜிப்சம் சீலிங் போட்டு, ஓரத்தில் மரக் கார்னிஸ் அடிக்கிறீர்களா? மைட்டர் ரம்பத்தில் 45 டிகிரி வைத்து அறுத்தும் மூலை வாய் பிளந்தால், காரணம் பெரும்பாலும் கோணல் சுவர்தான்.

மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறியுங்கள். குறுக்கே சரியாக 5 அடி வந்தால் 90 டிகிரி. வராவிட்டால் அட்டையை மூலைக்கேற்ப வெட்டிப் பாகைமானியில் பாருங்கள். அந்தக் கோணத்தில் பாதியை 90-லிருந்து கழித்தால் வருவதுதான் ரம்பத்தில் வைக்கவேண்டிய எண். மூலை 92 என்றால் 44. (46 வைத்து நல்ல தேக்கை வீணாக்கியவன் சொல்கிறேன்.)

அறுக்கும்போது கார்னிஸ் தலைகீழாக நிற்கட்டும்: சீலிங்கில் ஒட்டும் விளிம்பு ரம்பத்தின் மேசையில், சுவரில் ஒட்டும் விளிம்பு பின்தடுப்பில்.

அகலப் பட்டை அப்படி நிற்காது, படுக்கவைத்துத்தான் அறுக்கணும். சுவரோடு 38 டிகிரி சாயும் கார்னிஸுக்கு, 90 டிகிரி மூலையில், மேசைத் திருப்பம் 31.6, பிளேடு சாய்வு 33.9. 45 டிகிரி சாய்வுக்கு 35.3, 30.

எதற்கும் முதலில் கழிவுத் துண்டு இரண்டை அறுத்து, மூலையில் பிடித்துப் பாருங்கள். பிளேடு முழுதாக நின்றபிறகே கட்டையை எடுங்கள்.